எட்டு நாள் வீட்டில் இருந்த வைரம்

அன்புள்ள தம்பிக்கு,

இவ்விடம் ரங்கூனில் எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்தால் அதில் பாதி பொய்யாகிவிடும். உன் அம்மா சுகம். அடுத்த வீட்டுப் பூனை பரம சுகம், நம் வீட்டுக் கருவாட்டின் புண்ணியத்தில். என்னைப் பற்றி மட்டும் இரண்டு வரியில் எழுத முடியவில்லை. அதனால்தான் உனக்குப் பதில் எழுத இத்தனை நாள் பிடித்தது. தவுங்கூவிலிருந்து நீ அனுப்பிய இருநூற்றைம்பது ரூபாய் மணியார்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது. "அப்பா, உங்கள் கண்ணை நம்பித்தான் கேட்கிறேன். வைகாசியில் கல்யாணம், அதற்குள் தனபாக்கியத்துக்கு ஒரு வைர மோதிரம் நீங்களே பார்த்து எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். பிறகு இரண்டு கார்டும் போட்டாய். இரண்டாவது கார்டில் கொஞ்சம் கோபம் தெரிந்தது. தெரியட்டும், என் பிள்ளைதானே. கல் கிடைத்துவிட்டது, பயப்படாதே. ஆனால் அதை எடுத்தது என் கண் இல்லை. அது ஏன் என்பதை நீ இன்னொருவர் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று இன்று காலையிலேயே பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன்னைக் கொஞ்சம் கேலி செய்துகொள்கிறேன். நம் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். உன்னோடு வேலை பார்க்கும் அந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு தான் கட்டப்போகிற பெண்ணுக்கு மோதிரம் போட்டான் என்றவுடன் உனக்கும் ஆசை வந்துவிட்டது. உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வெள்ளைக்காரன் வழக்கமெல்லாம் நமக்கு எதற்கு என்று அவள் ஆரம்பிப்பாள், நான் உனக்காகப் பரிந்து பேசலாம் என்று காத்திருந்தேன். அவளோ வெற்றிலையை மடித்துக்கொண்டே, "போடட்டுமே. எனக்குக்கூட ஒருத்தர் போட்டார்" என்றாள். அந்த ஒருத்தர் நான்தான். அதில் ஒரு குத்தல் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் விரலில் இருக்கிற மோதிரத்தின் கதையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. சொல்லும்படியாகவும் இல்லை. பசுந்தாங் அரிசி மில்லில் என் வேலை என்ன? மூட்டையில் குத்தூசியைச் செருகி, வருகிற அரிசியை உள்ளங்கையில் பரப்பி, இது வெள்ளை, இது பழுப்பு, இதில் நொய் எத்தனை என்று சொல்வது. நான் சொன்ன பிறகுதான் மூட்டை கப்பலுக்குப் போகும். வாங்குகிறவர்களுக்கு மாதிரி அனுப்பும்போது அரிசியை நீலக் காகிதத்தில் மடித்துத்தான் அனுப்புவோம். நீலத்தின் மேல் வைத்தால் கொஞ்சம் மஞ்சளடித்த அரிசிகூட மல்லிகைப்பூவாகத் தெரியும். இந்த வித்தையை மில்லில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவனே நான். கல்யாணமான இரண்டாம் வருஷம், முதன்முதலாகக் கையில் நாலு காசு சேர்ந்தபோது, லான்மடாத் தெருவில் கடை விரித்திருந்த ஒரு வெளியூர் வியாபாரியிடம் போனேன். உன் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அவன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிரித்தான். உள்ளே ஒரு கல், சும்மா கண்ணைப் பறித்தது. அது எந்தக் காகிதத்தில் இருந்தது என்று நினைக்கிறாய்? நீலக் காகிதம். பகல் முழுக்க நீலக் காகிதத்தில் அரிசி மடித்துவிட்டு, சாயங்காலம் நீலக் காகிதத்தில் வைரம் வாங்கியவன் இந்த ரங்கூனில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மோதிரமாகக் கட்டிப் போட்ட மறுவாரம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெள்ளை அரிசிக்குள் அவள் கை போய்ப் போய் வந்தது. கல் மஞ்சள் தடவினாற்போல் இருந்தது. வியாபாரியைத் தேடிப் போனேன், கடை விரித்திருந்த இடத்தில் ஒரு பர்மியக் கிழவர் புகையிலை விற்றுக்கொண்டிருந்தார். உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதிரி மேசையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறவன் பெண்டாட்டியிடம் போய் ஏமாந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்த வீம்பு இருக்கிறதே, அதை மட்டும் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. மூக்கையும் முன்கோபத்தையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டாய், அது போதும்.

அதற்குப் பிறகு எனக்கு வைரத்தின் மேல் ஒரு வெறி வந்துவிட்டது. வாங்குவதற்கு இல்லை, தெரிந்துகொள்வதற்கு. மொகல் தெருவில் கல் வியாபாரம் செய்கிற காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் பழக்கமானார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறந்ததும் அவருக்கு ஓய்வான நேரம், நான் போய் உட்கார்ந்துகொள்வேன். அவரிடம் கற்றதை உனக்கும் சொல்லிவைக்கிறேன், நாளைக்கு நீயே வாங்கும்படி வரலாம். கல்லைக் காலை வெளிச்சத்தில் பார், வடக்குப் பார்த்த சன்னலாக இருந்தால் இன்னும் நல்லது. மின்சார விளக்கின் கீழ் கண்ணாடித் துண்டுகூட மினுக்கும். வெள்ளைக் காகிதத்தை நீயே கையோடு கொண்டுபோ. கல்லை அதன்மேல் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் அதன் உண்மையான நிறம் தெரியும். மேலே இருந்து பார்த்தால் ஜொலிப்பு நிறத்தை மறைத்துவிடும். அடிப்பக்கம் மூடிக் கட்டிய மோதிரத்தை யார் கொடுத்தாலும் தொடாதே, கீழே தகடு வைத்திருப்பார்கள், கல் எது தகடு எது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். வாயால் ஊதிப் பார். வைரத்தில் ஆவி நிற்காது, ஊதிய வேகத்தில் ஓடிவிடும். கடைக்காரர் வாங்கிக் கொடுக்கிற தேநீரைக் கல்லைப் பார்த்து முடித்த பிறகு குடி, குடித்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வராது. நீ உன் அம்மா பிள்ளை.

கைப்பணம் கொஞ்சமாக இருக்கிறவன் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்றும் மரைக்காயர் சொல்வார். பட்டை தீட்டியதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சில கல்லைப் பெரிதாகக் காட்டுவதற்காகத் தட்டையாகத் தீட்டியிருப்பார்கள். விரலில் பார்த்தால் நடுவில் செத்த மீனின் கண் மாதிரி வெளுத்துக் கிடக்கும், உள்ளே ஒளி ஓடுகிற நீரோட்டமே இருக்காது. எடையில் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். சரியாக அரைக் காரட்டு என்றால் ஒரு விலை, அதற்கு ஒரு மயிரிழை குறைந்தால் வேறு விலை, விரலில் போட்ட பிறகு எந்த மாமியார் தராசு கொண்டுவரப் போகிறாள்? கரும்புள்ளி நடுவில் இருந்தால் வேண்டாம். ஓரத்தில் இருந்தால் ஆசாரி அதைப் பிடிக்கிற தங்கக் கொக்கியின் கீழ் மறைத்துவிடுவார். இதையெல்லாம் நான் வருஷக்கணக்காக மனப்பாடமாக வைத்திருந்தேன். உன் கடிதம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. போன தடவை விட்ட மானத்தை உன் மோதிரத்தில் மீட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டிராமில் போனேன். நான் எத்தனை கெட்டிக்காரன் என்பதை அவள் பார்க்க வேண்டும் என்றுதான் கூட்டிப்போனேன், வேறு காரணம் இல்லை. மரைக்காயர் பாயை உதறிப் போட்டார், வெள்ளைக் காகிதம் விரித்தார், ஐந்து கற்களை வரிசையில்லாமல் வைத்தார். ஐந்தும் ஏறக்குறைய ஒரே எடை, நிறம்தான் வேறு. ஐயாவே அடுக்கட்டும், சுத்த வெள்ளை இந்தப் பக்கம், மஞ்சளடிக்கிறது அந்தப் பக்கம் என்றார். நானும் வேட்டியைச் சரி செய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் பார்த்து அடுக்கினேன். அடுக்கி முடித்து உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். கையை நீட்டி, முதலில் இருந்ததை நாலாவதாகவும் கடைசியில் இருந்ததை முதலாவதாகவும் மாற்றி வைத்தாள். பிறகு ஐந்தாவது கல்லைக் காட்டி, "என் கையில இருக்கறது இந்த ஜாதி" என்றாள். அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

எனக்கு அந்த வெட்கத்தைப் பட்டு முடிக்கக்கூட நேரம் இல்லை, தம்பி. அவள் மாற்றி வைத்ததில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கலைத்துவிடுங்கள், மறுபடி அடுக்குகிறேன் என்றேன். மறுபடியும் தப்பு. சன்னலருகே தள்ளி உட்கார்ந்து மூன்றாம் தடவை அடுக்கினேன். உன் அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மரைக்காயர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டலத்தில் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"ஐயா தப்பா நினைக்கக் கூடாது. எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. கண்ணுல புரை விழுந்தா உலகத்துல எல்லாமே மஞ்சளா ஆயிரும். எல்லாமே மஞ்சளா இருந்தா, எது மஞ்சள்னு எப்படித் தெரியும்?"

கல்லை எடுத்தது உன் அம்மா. முதல் கல்லின் விலை நம் கைக்கு எட்டாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம், பிளாட்டினத்தில் கட்டுவதானால்தான் அத்தனை வெள்ளை வேண்டும், தங்கத்தில் கட்டினால் தங்கத்தின் நிறமே கொஞ்சம் கல்லில் ஏறிவிடும், மூன்றாவது கல்லே போதும் என்று மரைக்காயரே தன் வியாபாரத்துக்கு விரோதமாகச் சொன்னார். மூன்றாவது கல் அரைக் காரட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஓரத்தில் கடுகில் கால்வாசி அளவு ஒரு புள்ளி, அதை உன் அம்மாதான் பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்து விலையில் பதினைந்து ரூபாய் குறைத்தாள். நல்ல ஆழம், நல்ல நீரோட்டம். தனபாக்கியம் தையல் மெஷினில் உட்காருகிற பெண் ஆயிற்றே, உயரமாகக் கட்டினால் துணியில் மாட்டி நூலை இழுக்கும், விரலோடு படிந்து இருக்க வேண்டும் என்று உன் அம்மாவே ஆசாரிக்குச் சொல்லவேண்டியதையும் யோசித்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னால் ஆனது அதுதான்.

வைரத்தை வாங்கியவுடன் மோதிரம் கட்டக் கொடுப்பது நம் வழக்கம் இல்லை. எட்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது நடந்தால் கல் நமக்கு, கெட்டது நடந்தால் ராசியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடலாம், கொடுத்த பணத்தை வியாபாரி மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்துவிடுவார். உன் அம்மாவுக்கு இதில் ஊசிமுனை அளவும் விட்டுக்கொடுப்பு கிடையாது. கல்லை மஞ்சள் துணியில் முடிந்து முருகன் படத்தின் கீழ் வைத்தாள். அன்று முதல் வீட்டில் எது நடந்தாலும் கல்லின் கணக்கில்தான். வெள்ளிக்கிழமை பால் திரிந்தது, கல்லைச் சந்தேகமாகப் பார்த்தாள். அன்றே மேல்மாடிக்காரர் பெண் பிரசவித்தாள், சுகப்பிரசவம், கல்லுக்கு ஒரு கற்பூரம். சனிக்கிழமை பூனை கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அது பூனையின் ராசி, நம் ராசி இல்லை என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்துச் சிரித்தே விழுந்திருப்பேன்.

சிரிக்க முடியவில்லை. டிராமில் திரும்பி வரும்போதே எனக்குக் கோ பா தின்னின் ஞாபகம் வந்துவிட்டது. மாதிரி மேசையில் எனக்கு அடுத்த ஆள், பர்மியர், நாற்பது வயது, மூன்று குழந்தைகள், நம் கூலிக்காரர்களோடு பழகிப் பழகி நம் தமிழை நம்மைப் போலவே பேசுகிறவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் மூன்று தடவை அவருக்கும் எனக்கும் தகராறு வந்தது. அரிசியில் மஞ்சள் இருக்கிறது என்று அவர் மூட்டைகளை ஒதுக்கி வைத்தார், ஒன்றுமில்லை என்று நான் கப்பலுக்குத் தள்ளினேன். மூன்றாவது தடவை எனக்கு ரோஷம் பொங்கிவிட்டது. கோ என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். அந்த மனுஷனைக் கூலிக்காரர்கள் முன்னால் அவன் இவன் என்று பேசி, நேரே மில் துரையிடம் போய், இவனுக்குக் கண் சரியில்லை, மேசைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டேன். என் முப்பது வருஷ அனுபவத்தின் முன்னால் அவர் பேச்சு எடுபடவில்லை. துரை அவரைத் தவிட்டுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார், பாதிச் சம்பளம். அதற்குப் பிறகு இரண்டு முறை கப்பலடியிலிருந்து அரிசி திரும்பி வந்தது. கோணிப்பை சரியில்லை, படகில் ஈரம் பட்டிருக்கும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். எனக்கு எல்லா அரிசியும் ஒன்றாகத் தெரிந்தது.

உண்மை தெரிந்த பிறகும் நான் உடனே போய்ச் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் மேசையில் உட்கார்ந்து அரிசி பார்த்தேன். பார்க்கிற பாவனை செய்தேன். உன் கல்யாணம் வைகாசியில் முடியட்டும், அதுவரை சம்பளம் வரட்டும், பிறகு கண் நோவு என்று சொல்லி மரியாதையாக விலகிவிடலாம், கோ பா தின்னின் விஷயம் தானாகச் சரியாகிவிடும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் தவிட்டுக் கிடங்கைத் தாண்டிப் போனபோது அவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சாப்டாச்சா ஸயா?" என்று கேட்டார். ஸயா என்றால் அவர்களுக்கு வாத்தியார் மாதிரி, எப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பான் படகில் ஓடையைக் கடந்து தாகேதாப் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி பாய் போட்டார், லாப்பெட் எடுத்துவந்து வைத்தார். அந்தத் தேயிலை ஊறுகாயில் ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து கல், மூன்று தடவை, புரை, எல்லாம். அவர் மூங்கில் பிளப்பதை நிறுத்தவே இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன், அழுதுவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். கடைசியில் கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு இது முன்னமே தெரியும் ஸயா. என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? துரைகிட்ட யார் சொல்றது?"

திங்கட்கிழமை துரையிடம் நானே சொன்னேன். குமாஸ்தாவை வைத்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், கோ பா தின்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னேன். கண் சரியில்லாதவன் நான், இவர் ஒதுக்கிய மூட்டை எல்லாம் சரியாக ஒதுக்கியது, திரும்பி வந்த அரிசியும் என்னால் வந்தது என்றேன். துரை நம்பவில்லை. இரண்டு தட்டில் அரிசி கொண்டுவரச் சொல்லி எது நல்லது என்றார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றேன். கோ பா தின் எட்டிப் பார்த்துவிட்டு இடது தட்டு என்று விரலைக் காட்டினார். அவ்வளவுதான். இந்த மாதச் சம்பளத்தோடு என் கணக்கு முடிந்தது, அவருக்கு மேசை திரும்பக் கிடைத்தது, என் நாற்காலியே கிடைத்தது. இரண்டு மாதப் பாதிச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார். பார்ப்பதாகத் தெரியவில்லை, அதனால் என் சம்பளத்திலிருந்து கொடுத்துவிட்டேன். கோ பா தின் வேண்டாம் என்று சொல்வார் என்று மனதுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அவர் எண்ணி வாங்கிக்கொண்டார். அதுதான் சரி. போகும்போது, நெல்லைக் கடித்து ஈரம் பார்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுகிறேன், பல் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கிறது என்று காட்டினேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

காலை பத்து மணிக்கே வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து உன் அம்மா உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டாள். அவளிடமும் முதலிலிருந்து சொன்னேன். கோ பா தின் விஷயம் அவளுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அளவாகத்தான் பேசினாள். எனக்குக் கல்லைப் பற்றித்தான் பயம், தம்பி. வேலை போனதுகூட அவ்வளவாக உறுத்தவில்லை. எட்டு நாளைக்குள் வீட்டு வருமானமே நின்றுவிட்டது, இதைவிட ராசியில்லாத கல் இருக்க முடியுமா? கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள், நான் செய்ததற்கு உன் மோதிரமும் போகப் போகிறது என்று முடிவே செய்துவிட்டேன். இதை உனக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை எட்டாம் நாள். மரைக்காயருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாவம், அவரே பணத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். வீட்டில் இப்படி ஆனபின் கல் இங்கே இருக்க வேண்டாம், வழக்கப்படி எடுத்துக்கொள்கிறேன், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை என்று பையைத் திறந்தார். நான் முருகன் படத்தின் கீழிருந்து மஞ்சள் முடிச்சை எடுக்க எழுந்தேன். உன் அம்மா கையால் என்னைத் தடுத்தாள்.

"பணத்தை உள்ள வைங்க பாய். ரெண்டு மாசமா ஒரு வீட்டுல அரைவயித்துக் கஞ்சி, எங்க வீட்டால. இந்தக் கல்லு வந்த அஞ்சாம் நாள் அவங்க வீட்டுல முழுச் சோறு. இதுக்கு மேல நான் என்ன ராசி பார்க்கணும்?"

மரைக்காயர் பையை மூடிவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை இங்கே எழுத எனக்கு வெட்கமில்லை. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடுப்புப் புகை என்று சொன்னாள். அடுப்பு மூட்டவே இல்லை.

ஆசாரி நாளைக்கு வேலையை ஆரம்பிக்கிறார். தனபாக்கியத்தின் விரல் அளவை நூலில் முடிச்சுப் போட்டு உடனே அனுப்பு. கண் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போகிறேன், புரையை எடுத்துவிடலாம் என்கிறார்கள், நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். ஒன்று மட்டும் செய். மோதிரத்தை அந்தப் பெண்ணின் விரலில் போடும்போது, இந்தக் கல்லை வாங்குவதற்கு முன்னால் உன் அப்பா என்ன செய்திருந்தார், வாங்கின பிறகு என்ன செய்தார், இரண்டையும் அவளிடம் சொல். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்லாதே.

உன் கையை உன் அம்மாவும் நானும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறோம்.

அப்பா